மழைக்கு ஸ்கூட்டர் வழுக்குதா? கோளாறைப் பார்த்து டயர் மாத்துற வழி

ஐப்பசி பிறக்கப் போகுது, ராமநாதபுரம் பக்கம் ஸ்கூட்டர் ஓட்டுறவங்க இதை ஒரு தடவை முழுசா படிச்சிட்டு அப்புறம் டயர் கடைக்குப் போங்க. நான் மண்டபத்துல இருந்து ராமநாதபுரத்துக்கு தினமும் ஸ்கூட்டர்ல வேலைக்குப் போய்ட்டு வர்றவன், போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல வந்துரும், ஒம்பது வருஷமா இதே ரோடுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கார்த்திகை மழைல என் தங்கச்சி உச்சிப்புளி பக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது விழுந்துட்டா. வேகமா போகலை, இருபது இருபத்தஞ்சு இருந்திருக்கும், தண்டவாளத்துல முன்வீல் ஏறுச்சு, அவ்வளவுதான், வண்டி ஒரு பக்கம் இவ ஒரு பக்கம். மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டு மாசக்கணக்குல கஷ்டப்பட்டா. அன்னைக்கு அந்த வண்டி டயரைப் பார்த்த எல்லாரும் சொன்னது "டயர்ல பட்டன் நல்லாத்தானே இருக்கு". அந்த வார்த்தைதான் என்னைய யோசிக்க வச்சுச்சு. பட்டன், அதாவது டயர் மேல தரையில படுற மேடு, நல்லா இருந்தும் ஏன் வழுக்குச்சுன்னு கேட்டுக் கேட்டு, கழட்டிப் பார்த்து, நாலஞ்சு மெக்கானிக் கூட உக்காந்து கத்துக்கிட்டதைத்தான் கோளாறு வாரியா கீழ எழுதுறேன், உங்க வண்டி எதுல பொருந்துதோ அதைப் பாருங்க.

முதல்ல ஒரு கேள்வியை முடிச்சிடுறேன். ஜெர்மனில படிக்கிற எங்க மச்சான் மகன் லீவுக்கு வந்தப்ப "மாமா, அங்க ஸ்கூட்டருக்கே விண்டர் டயர்னு தனியா விக்கிறாங்க, அதைப் போட்டா மழைக்கும் வழுக்காதுல்ல, ரெண்டு வாங்கி அனுப்பவா"ன்னு ஆசையா கேட்டான். டயர் இருக்கிறது உண்மைதான், மிச்செலின்ல சிட்டி கிரிப் விண்டர்னு ஒண்ணு, ஹைடெனாவ்ல கே66ன்னு ஒண்ணு, இன்னும் சிலது இருக்கு, டயர் சைடுல மூணு முகடு உள்ள மலைப் படம் போட்டு அதுக்குள்ள பனிப்பூ வரைஞ்சிருந்தா அது பனிக்குன்னு சோதிச்சுப் பார்த்த டயர். ஆனா அது ஏன் அங்க தேவைப்படுதுன்னு பாருங்க, குளிர் 7 டிகிரிக்குக் கீழ இறங்கினா சாதாரண டயர் ரப்பர் விறைச்சுக் கட்டை மாதிரி ஆயிடும், ரோட்டைப் பிடிக்காது, அதனால குளிர்லயும் மெத்துன்னு இருக்கிற மாதிரி சிலிக்கா நிறைய சேர்த்து வேற ரப்பர் செய்றாங்க, பட்டன் மேல கத்தியால கீறின மாதிரி சின்னச் சின்ன வெட்டு நிறைய விடுறாங்க. நமக்கு மார்கழி விடியக்காலைலயே 20 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். அந்த ரப்பரை நம்ம வெயில்ல ஓட்டினா அழிரப்பர் தேயுற மாதிரி தேஞ்சு போயிரும், சாய்க்கும்போது பட்டன் நெளியும், காசும் போச்சு பிடிப்பும் போச்சு. அதனால வேண்டாம்னுட்டேன். ஆனா அந்த டயர்ல இருந்து ஒரு விஷயம் நமக்குப் புரியணும், ஈர ரோட்டைப் பிடிக்கிறதுல பட்டன் ஆழத்தை விட ரப்பரோட மெதுத்தன்மைக்குத்தான் வேலை அதிகம். அங்க குளிர் ரப்பரை விறைக்க வைக்குது, இங்க வெயிலும் வயசும் அதே வேலையைச் செய்யுது. இதை மனசுல வச்சுக்கிட்டு கீழ படிங்க.

முதல் மழைக்கு மட்டும் வழுக்குது, ரெண்டு நாள்ல சரியாயிடுது

இதுக்கு டயர் மாத்த வேண்டாம். ஏழெட்டு மாசம் மழை காணாத ரோடு, டீசல், ஆயில், புழுதி, டயர்ப் பொடி எல்லாம் படிஞ்சு கிடக்கும், முதல் தூறல்ல அது குழம்பா மேல வரும், நல்லா அடிச்சு ஊத்துற மழைன்னா அரை மணி நேரத்துல கழுவிட்டுப் போயிரும், தூறிட்டு நின்னுருச்சுன்னாதான் ஆபத்து. நம்ம பக்கம் இன்னும் ரெண்டு இருக்கு, மீன் வண்டில இருந்து ஒழுகுற ஐஸ் தண்ணி, வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் உப்பு லாரில இருந்து சிந்துற உப்பு. மீன் தண்ணி சொட்டின இடம் காஞ்சு போனா கண்ணுக்கே தெரியாது, ஈரம் பட்டா எண்ணெய் மாதிரி. மீன் வண்டி முன்னாடி போச்சுன்னா அது போன தடத்துலயே போகாதீங்க, ஒரு முழம் தள்ளிப் போங்க.

பட்டன் நல்லா இருக்கு, ஆனா எல்லா மழைக்கும் வழுக்குது

என் தங்கச்சி வண்டி இதுதான். வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, ஓடினது என்னமோ பதினோராயிரம் கிலோமீட்டர்தான், ஸ்கூலுக்கும் கடைக்கும் மட்டும் போற வண்டி, நாள் பூரா வெயில்ல நிக்கும். டயர் தேயவே இல்லை, ஆனா ரப்பர் செத்துப் போச்சு.

வீட்லயே பார்த்துடலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிழல்ல ஒரு மணி நேரம் ஆற விடுங்க, பட்டன் மேல கட்டைவிரல் நகத்தை வச்சு நல்லா அழுத்துங்க. நல்ல ரப்பர்ல நகம் லேசா இறங்கும், எடுத்ததும் பிறை மாதிரி ஒரு தடம் தெரிஞ்சு மெதுவா மறையும். செத்த ரப்பர்ல நகம் வழுக்கிட்டுப் போகும், நகந்தான் வலிக்கும். அப்புறம் டயர் மேல கையை வச்சுத் தேச்சுப் பாருங்க, புதுசுல ஒரு ஒட்டல் இருக்கும், பழசு பள்ளிக்கூட ஸ்லேட்டு மாதிரி இருக்கும். பட்டனுக்கு நடுவுல பள்ளத்துல பாருங்க, சைடுலயும் பாருங்க, வெயில்ல காஞ்ச கண்மாய்த் தரை வெடிச்ச மாதிரி மெல்லிசா வெடிப்பு ஓடியிருந்தா அந்த டயருக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு. நான் சொன்ன அந்த வண்டில டார்ச் அடிச்சுப் பார்த்தப்பதான் ஒவ்வொரு பள்ளத்துலயும் கோடு கோடா தெரிஞ்சுது, வெளிச்சம் இல்லாம பார்த்தா தெரியவே தெரியாது.

வயசு எப்படித் தெரியும்னா, டயர் சைடுல டிஓடின்னு ஆரம்பிச்சு எழுத்தும் எண்ணுமா இருக்கும், அதோட கடைசில ஒரு முட்டை வடிவக் கட்டத்துல நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 3221ன்னா 2021ல 32வது வாரம் செஞ்ச டயர். ஒரு பக்கம் மட்டும்தான் முழுசா இருக்கும், இந்தப் பக்கம் காணலைன்னா அந்தப் பக்கம் பாருங்க. என் கணக்குக்கு, நாள் பூரா வெயில்ல நிக்கிற கடக்கரை வண்டிக்கு நாலு வருஷம் தாண்டினா சந்தேகப்படணும், அஞ்சு தாண்டினா பட்டன் எவ்வளவு இருந்தாலும் மழைக்கு முன்னாடி மாத்திடணும்.

இதைப் படிச்சு வச்சுக்கிட்டுதான் கீழக்கரைல ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரியவர், டயரை எடுத்து வச்சதும் நான் எண்ணைத் தேடுறதைப் பார்த்துட்டு "தம்பி, தேதி பாக்குறியளா"ன்னார். "ஆமா காக்கா, மழைக்குப் போடணும்"னேன், அங்க அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க. உள்ள போய் வேற ஒண்ணு எடுத்துட்டு வந்து "அப்ப இதைப் போடுங்க, இது வந்து மூணு மாசந்தான் ஆகுது, அது ஒண்ணரை வருஷம் உள்ள கிடந்தது, கெட்டுப் போகலை, ஆனா மழைக்குன்னு கேட்டீகல்ல"ன்னு அவரே நகத்தை வச்சு அழுத்திக் காட்டினார். இதுக்கு முன்னாடி வேற ஒரு கடைல, பேர் வேண்டாம், மூணு வருஷம் பழசான டயரை "புது டயர்"னு சொல்லி முழு விலைக்கு எனக்குத் தந்திருக்காங்க, வீட்டுக்கு வந்து பார்த்துதான் தெரிஞ்சுது. அதனால மாட்டுறதுக்கு முன்னாடியே எண்ணைப் பாருங்க, கூச்சப்படாதீங்க.

நேரா போனா நல்லா இருக்கு, வளைக்கும்போது பின்னாடி சரியுது

பின் டயரை வண்டிக்குப் பின்னாடி உக்காந்து பாருங்க. நடுவுல தட்டையா, ரெண்டு பக்கமும் விளிம்பு வச்ச மாதிரி இருக்கா? நம்ம ரோடு பூரா நேர் ரோடு, ராமநாதபுரத்துல இருந்து மண்டபம் வரைக்கும் சாய்க்கிற வேலையே கம்மி, அதனால நடுப்பகுதி மட்டும் தேஞ்சு தட்டையாயிடும். வளைவுல சாய்க்கும்போது டயர் அந்த விளிம்புல ஏறி டக்குனு மறுபக்கம் விழும், காஞ்ச ரோட்ல ஒரு குலுக்கல் மாதிரிதான் தெரியும், ஈர ரோட்ல பின்வீல் போயிரும். பட்டன் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு இருக்கும், சைடுல தேய்மானத்தைக் காட்டுற டிடபிள்யூஐன்னு எழுத்தோ முக்கோணமோ இருக்கிற இடத்துக்கு நேரா தேடுங்க, நடுப்பகுதி தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா சட்டப்படியே முடிஞ்சுது, ரெண்டு சக்கர வண்டிக்கு 0.8 மில்லி ஆழம் கடைசி எல்லை. மழைக்கு அது வரைக்கும் காத்திருக்காதீங்க. ஒரு தீக்குச்சியைப் பள்ளத்துல நிறுத்தி நகத்தால அடையாளம் வச்சு ஸ்கேல்ல அளங்க, ரெண்டு மில்லிக்குக் கீழ இருந்தா நான் மழை தொடங்குறதுக்கு முன்னாடியே மாத்திடுவேன்.

பிரேக் பிடிச்சா முன்வீல் வழுக்குது

இதுதான் ஆளை விழ வைக்கிறது, பின்வீல் வழுக்கினா சமாளிச்சிடலாம், முன்வீல் போச்சுன்னா கண் மூடி முழிக்கிறதுக்குள்ள தரையில கிடப்போம். அப்படியிருந்தும் நம்ம ஊர்ல முன் டயரை யாரும் கண்டுக்கிறதே இல்லை. முன்னாடியும் பின்னாடியும் ஒரே சைஸ் வர்ற வண்டின்னா, பழைய ஆக்டிவாக்கு ரெண்டும் 90/100-10தான், புது டயரைப் பின்னாடி போட்டுட்டுத் தேஞ்ச பின் டயரை முன்னாடி மாட்டிடுறாங்க, "முன்னாடிதானே, வெயிட் இல்லைல்ல"ன்னு. வெயிட் இல்லாம இருக்கலாம், பிரேக் பிடிக்கும்போது மொத்த வெயிட்டும் முன்னாடிதான் வந்து உக்காரும். நடுவுல தட்டையான, செத்துப் போன ரப்பரை அங்க போடுறது சொந்தப் பிள்ளையை ஏத்திட்டுப் போற வண்டிக்குச் செய்ற வேலை இல்லை. ஒரே ஒரு டயருக்குத்தான் காசு இருக்குன்னா, முன்னாடி இருக்கிறது செத்ததுன்னு தெரிஞ்சா, புதுசை முன்னாடி போடுங்க.

அடுத்து காத்து. மழைக்குக் காத்தைக் குறைச்சா நல்லாப் பிடிக்கும்னு சிலர் சொல்றாங்க, தப்பு. காத்துக் குறைஞ்சா டயர் நசுங்கி, தண்ணி வெளியேற வேண்டிய பள்ளம் எல்லாம் மூடிக்கும், ஹேண்டிலும் கனமாயிடும். என் வண்டிக்கு முன்னாடி 22, பின்னாடி 29, உங்க வண்டிக்கு என்னன்னு மேனுவல்லயோ வண்டில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயோ பாருங்க, ரெண்டு பேர் போறப்ப பின்னாடி கூட வைக்கச் சொல்லியிருப்பாங்க. காத்து பிடிக்கிற பையன் கேக்காம ரெண்டுக்கும் 40 அடிச்சு விடுவான், அதுவும் ஆகாது, டயர் நடுப்பகுதி மட்டும் தரையில படும். காலைல வண்டி ஓடாம குளிர்ந்து இருக்கும்போது பார்க்கிற அளவுதான் சரியான அளவு.

டயரும் காத்தும் சரியா இருந்து, தேங்கின தண்ணில இறங்கி ஏறினப்புறம் மட்டும் பிரேக் ஏடாகூடமா பிடிச்சா அது டிரம்முக்குள்ள தண்ணி. கொஞ்ச தூரம் மெதுவா போயிக்கிட்டே பிரேக்கை லேசா தொட்டபடி ஓட்டுங்க, சூட்டுல காஞ்சிரும்.

தண்டவாளம், பாம்பன் பாலத்துல இருக்கிற இரும்பு இணைப்பு, வேகத்தடைல அடிச்ச மஞ்சப் பெயின்ட், இது எதுலயும் உலகத்துல எந்த டயரும் ஈரத்துல முழுசா பிடிக்காது. முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்குங்க, இரும்பு மேல ஏறும்போது பிரேக்கும் வேண்டாம் முறுக்கவும் வேண்டாம், வண்டியைச் சாய்க்காம நேரா வச்சுத் தாண்டுங்க, தண்டவாளம் சரிவா குறுக்க போச்சுன்னா நீங்க கொஞ்சம் வளைஞ்சு போயி அதுக்கு நேர் குறுக்கா ஏத்துங்க.

ராத்திரி காத்து இருக்கு, காலைல உக்காந்து கிடக்கு, பஞ்சரும் இல்லை

கடக்கரைக்காரங்களுக்கு மட்டுமே வர்ற சீக்கு இது, மதுரைல இருக்கிற மெக்கானிக்கிட்ட சொன்னா சட்டுனு புரியாது. பஞ்சர் கடைல தண்ணித் தொட்டில முக்கிப் பார்த்துட்டு "ஒண்ணும் இல்லண்ணே"ன்னு காத்து அடிச்சு அனுப்பிடுவாங்க, நாலு நாள்ல திரும்ப இறங்கிரும்.

நானே வீட்டு வாசல்ல வச்சுக் கண்டுபிடிச்சதைச் சொல்றேன். ஒரு கிண்ணத்துல தண்ணி, அதுல துணி சோப்பைக் கரைச்சு நல்லா நுரை வர்ற மாதிரி, ஒரு பழைய பெயின்ட் பிரஷ். முதல்ல காத்தடிக்கிற வால்வு வாய்ல ஒரு சொட்டு வைங்க, நுரை முட்டை வந்தா உள்ள இருக்கிற பின் சரியில்லை, சின்னச் செலவு. அடுத்து வால்வோட ரப்பர்த் தண்டை ஒரு பக்கமா வளைச்சுப் பிடிச்சுக்கிட்டு அடில தடவுங்க, உப்புக்காத்துக்கும் வெயிலுக்கும் அந்த ரப்பர் அடில வெடிச்சிருக்கும், வளைக்காம பார்த்தா தெரியாது. இது ரெண்டும் இல்லைன்னா ரிம்மும் டயரும் சேர்ற விளிம்பு முழுக்க பிரஷ்ஷால தடவிட்டு பொறுமையா உக்காந்து பாருங்க. எனக்குப் பத்து நிமிஷம் ஒண்ணுமே தெரியலை, அப்புறம் ஒரு இடத்துல, ஒரு சாண் நீளத்துக்கு, கடுகை விடச் சின்னதா வெள்ளையா நுரை பொங்கி நின்னுச்சு, ஈர மணல்ல நண்டு மூச்சு விடுற மாதிரி.

டயரைக் கழட்டினதும் காரணம் தெரிஞ்சு போச்சு. இரும்பு ரிம், டயர் உக்கார்ற இடத்துல பெயின்ட் தூக்கி, அடில துரு செதில் செதிலா ஏறியிருந்துச்சு, விரலால தட்டினா தவிடு மாதிரி கொட்டுது. டியூப்லெஸ் டயர் காத்தைப் பிடிச்சு வைக்கிறதே அந்த ரிம் விளிம்பு வழுவழுப்பா இருக்கிறதாலதான், அங்க துரு ஏறினா புது டயர் போட்டாலும் காத்து போகும். ரெண்டு டயர் மாத்திட்டும் காத்து நிக்கலைன்னு புலம்புறவங்களை நான் பார்த்திருக்கேன், குத்தம் ரிம்ல. அலாய் வீல்னா துருவுக்குப் பதிலா வெள்ளையா சுண்ணாம்புப் பொடி மாதிரி பூக்கும், சங்கதி ஒண்ணுதான்.

உப்புத்தாள் வச்சு உலோகம் தெரியுற வரைக்கும் தேச்சு, துடைச்சு, இரும்புன்னா ரெட் ஆக்ஸைடு ஒரு கை, அது மேல பெயின்ட் மெல்லிசா ஒரு கை அடிச்சு, ஒரு நாள் முழுசா காய விட்டு அப்புறம் டயரை ஏத்துங்க. குழி விழுற அளவுக்குத் தின்னிருந்தா தேய்க்காதீங்க, ரிம்மை மாத்துறதுதான் சரி, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டயர் மாத்தும்போதெல்லாம் வால்வையும் சேர்த்து மாத்துங்க. வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு ரிம்மையும் நல்ல தண்ணி ஊத்தித் துடைங்க, குடத்துக்குக் காசு குடுத்துத் தண்ணி வாங்குற ஊர்ல வண்டி கழுவுறதான்னு கேப்பீங்க, ஒரு சொம்புத் தண்ணியும் ஒரு துணியும் போதும், போர் தண்ணி உப்பா இருந்தா அதை மட்டும் ஊத்தாதீங்க.

மாசத்துக்கு மூணு பஞ்சர், எல்லாம் முள்ளு

சீமைக்கருவேலம் இல்லாத ஓரம் நம்ம மாவட்டத்துல எங்க இருக்கு? மழைக்காலத்துல இது கூடுது, ஓரத்துல வெட்டிப் போட்ட முள்ளைத் தண்ணி ரோட்டுக்கு இழுத்துட்டு வருது, ஈரமான ரப்பர்ல முள்ளு சுலபமா இறங்கும். டயர் தேஞ்சு மெல்லிசா இருந்தா சொல்லவே வேண்டாம். ஒரு புது டயர் போட்டதும் எனக்குப் பஞ்சர் பாதிக்குப் பாதி குறைஞ்சுது.

டியூப்லெஸ்ல முள்ளு ஏறினா காத்து உடனே போகாது, முள்ளே அடைச்சு நிக்கும். பார்த்ததும் பிடுங்காதீங்க, நாலு மணிக்கு எடுத்தா அஞ்சு மணிக்கு நடு ரோட்ல நிப்பீங்க, கடைக்கு ஓட்டிட்டுப் போய் எடுக்கச் சொல்லுங்க. முனை உள்ள ஒடிஞ்சு தங்கியிருக்கும், அதைச் சுத்தமா எடுக்காம ஓட்டையில ரப்பர் திரியை வச்சு அடைச்சா மறுபடி ஒழுகும். சைடுல முள்ளு ஏறி ஒழுகினா அங்க திரி வைக்கக் கூடாது, அந்த இடம் ஓடும்போது நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், பிடுங்கிட்டு வந்துரும், டயரை மாத்தணும். உள்ள ஊத்துற பஞ்சர் திரவம் முள்ளுக்கு நல்லாவே வேலை செய்யுது, நான் மறுக்கலை, ஆனா அது ரிம்ல துரு இருக்கிறதையும் மறைச்சிடும், ஊத்துறதுக்கு முன்னாடி ரிம்மை ஒரு தடவை பார்த்துட்டு ஊத்துங்க.

நாப்பதுக்கு மேல ஹேண்டில் ஆடுது

முன் டயர்ல காத்து பாருங்க, அப்புறம் டயரைச் சுத்தி விட்டு ஏத்த இறக்கமா தேஞ்சிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா முன்வீலைத் தூக்கி நிறுத்தி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா பேரிங், ஹேண்டில் நடுவுல வந்து தட்டி நின்னா கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங். டயர்க் கடைக்கு இதுல வேலை இல்லை, மெக்கானிக்கிட்ட போங்க.

தனுஷ்கோடி ரோட்ல மணல்ல இழுக்குது

2017ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்ததுல இருந்து எல்லாரும் ஸ்கூட்டர்லயே போறாங்க, ரெண்டு பக்கமும் கடல், காத்து மணலை அள்ளி ரோட்டு மேல போடும். பட்டன் பெருசா காட்டு ரோட்டு டயர் போடலாமான்னு கேக்குறாங்க. அந்த டயர் ஆழ மணலுக்குத்தான் லாயக்கு, தார் மேல பொடி மணல் தூவிக் கிடக்கும்போது எதுவும் பிடிக்காது, மத்த முந்நூத்தி அறுபது நாளும் ஈரத் தார்ல பெரிய பட்டன் தரையில படுற பரப்பு கம்மி. ரோட்டு டயரே போதும், மணல் கண்ட இடத்துல இருபதுல போங்க, வீட்டுக்கு வந்ததும் மறக்காம ரிம்மைக் கழுவுங்க.

புது டயர் போட்டு அன்னைக்கே வழுக்குது

பயப்படாதீங்க. அச்சுல இருந்து வர்றப்ப மேல வழுவழுப்பா ஒரு பூச்சு இருக்கும், முதல் நூறு நூத்தம்பது கிலோமீட்டர் காஞ்ச ரோட்ல மெதுவா ஓட்டினா போயிரும். அதனாலதான் மழை கொட்டுற அன்னைக்கு டயர் மாத்தாதீங்க, புரட்டாசிலயே மாத்திடுங்கன்னு சொல்றேன். கடைல டயர் பளபளன்னு இருக்கணும்னு பாலிஷ் தடவ வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஏத்தும்போது ஆயிலோ கிரீஸோ தடவினாலும் தடுத்துருங்க, சோப்புத் தண்ணிதான் தடவணும்.

கடைல என்ன கேக்கணும்

சைஸ் மாத்தாதீங்க. ஜூபிட்டர்னா ரெண்டும் 90/90-12, என்டார்க்னா முன்னாடி 100/80-12 பின்னாடி 110/80-12, இந்த ரெண்டுலயும் கூட மாடலுக்கு மாடல் பார்த்துக்குங்க, இப்ப உங்க வண்டில கம்பெனி போட்டுக் குடுத்த எண்ணைப் போட்டோ எடுத்துட்டுப் போறது நல்லது. அகலமா போட்டா மழைக்கு நல்லதுன்னு நினைக்காதீங்க, சின்ன ரிம்ல அகல டயர் உக்காரும்போது வடிவம் மாறிப் போகும்.

சைஸுக்குப் பக்கத்துல 53 ஜேன்னு ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 53ன்னா அந்த ஒரு டயர் 206 கிலோ தாங்கும், 50ன்னா 190 கிலோ, ஜேன்னா நூறு கிலோமீட்டர் வேகம் வரைக்கும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் பெட்டி வச்சுப் போற அண்ணன்மாருங்க இதைக் கட்டாயம் பாருங்க, வண்டி சும்மாவே நூத்தி அஞ்சு கிலோ போல, நீங்க ஒரு எழுபது, ஐஸோட பெட்டி ஒரு அம்பது, அதுல பெரும்பங்கு பின் டயர் மேலதான். கம்பெனி குடுத்த எண்ணை விடக் குறைஞ்ச எண் உள்ள டயர் விலை கம்மியா கிடைச்சாலும் வாங்காதீங்க. அந்த 206 கிலோவும் சைடுல எழுதியிருக்கிற முழுக் காத்தும் இருந்தாத்தான்.

பட்டன்ல நடுவுல நீளமா ஓடுற பள்ளம் இருக்கா, அதுல இருந்து ரெண்டு பக்கமும் வெளிய போற வாய்க்கால் இருக்கா பாருங்க, தண்ணி நடுவுல இருந்து ஓரத்துக்குப் போகணும், வயல்ல வடிகால் வெட்டுற மாதிரிதான். எம்ஆர்எஃப், சியட், டிவிஎஸ் யூரோகிரிப், மிச்செலின்னு எல்லாத்துலயும் இந்த மாதிரி ஸ்கூட்டர் டயர் இருக்கு, என்னைக் கேட்டா பேரை விடத் தேதிதான் முக்கியம், போன வருஷத்துப் பெரிய பேரை விட ரெண்டு மாசத்துக்கு முன்னாடி செஞ்ச சாதாரண டயரை நான் எடுப்பேன். "நாப்பதாயிரம் ஓடும்"னு ஒரு டயரைக் காட்டினா அதுலயும் நகத்தை வச்சு அழுத்திப் பாருங்க, நிறைய ஓடுறதுக்காக ரப்பரைக் கெட்டியா செஞ்சிருந்தா ஈரத்துல பிடிப்பு குறையும், ரெண்டும் முழுசா ஒரே டயர்ல கிடைக்கிறது கஷ்டம், மழைல தினமும் ஓட்டுறவங்க மெத்துன்னு இருக்கிறதை எடுங்க, வருஷம் ஒண்ணு முன்னாடியே தேஞ்சாலும் பரவாயில்லை.

மாட்டினதும் கிளம்பிடாதீங்க. சைடுல இருக்கிற அம்புக்குறி வண்டி போற பக்கமே இருக்கான்னு பாருங்க, அவசரத்துல திருப்பி மாட்டிடுறாங்க, வாய்க்கால் தண்ணியை உள்ள இழுக்க ஆரம்பிச்சிரும். ரிம் விளிம்பை ஒட்டி டயர்ல ஒரு மெல்லிசு கோடு சுத்தி ஓடும், அது எல்லா இடத்துலயும் ஒரே தூரத்துல தெரியணும், ஒரு இடத்துல உள்ள போயிருந்தா டயர் சரியா உக்காரலை. அப்புறம் அவங்க வச்சிருக்கிற சோப்புத் தண்ணியவே வாங்கி விளிம்புலயும் வால்வுலயும் ஒரு சுத்து தடவிப் பார்த்துட்டுக் காசைக் குடுங்க.

ஒண்ணு மட்டும், 2024 நவம்பர் 20ந்தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி நாளுக்கு இதுல எந்த டயரும் கிடையாது, வண்டியை மேடான இடத்துல நிறுத்திட்டு பஸ்ல போங்க. என் தங்கச்சிக்குப் போன ஐப்பசிக்கு முன்னாடியே ரெண்டு டயரும் ரிம்மும் வால்வும் மாத்திக் குடுத்துட்டேன், அதே கேட்டைத்தான் இப்பவும் தாண்டுறா, தண்டவாளத்துக்கு முன்னாடி காலை ஊனி நின்னு, நேரா திருப்பி, அப்புறந்தான் ஏத்துறா.